தங்க மூடிப் பேனா

கேள்வி கேட்டவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்தொன்பது.

கேட்டவர் டாக்டர் நல்லபெருமாள். ஆலடிச்சுனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்துநாலு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பவர். பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர் ஹசீனா. மலையடிவாரத்துப் பயிற்சி மருத்துவமனையில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுப்பவர்.

இவர்களுக்குள் ஒரு பழைய பழக்கம் உண்டு. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஹசீனா பயிற்சி டாக்டராக ஆலடிச்சுனையில் மூன்று மாதம் வேலை பார்த்தார். கட்டி கீறுவது, குழந்தைக்கு அழாமல் ஊசி போடுவது எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்லபெருமாள்தான். அதனால் இப்போது குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் முழிப்பார்கள்.

நல்லபெருமாள் படித்தது வேலையை விடாமலே படிக்கும் மேற்படிப்பு. மூன்று வருடம். மாதத்தின் முதல் சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாளெல்லாம் அவரவர் ஊரில் அவரவர் வேலை. எழுத்துத் தேர்வில் மனிதர் வெளுத்து வாங்கிவிட்டார். ஒரு நோயாளியை உட்காரவைத்து, விசாரித்து, தொட்டுப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லும் தேர்வில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். மூன்றாவது முறைதான் கடைசி. அதிலும் தவறினால் மூன்று வருடமும் பஸ்ஸில் போய் வந்ததோடு சரி.

இதில் இன்னொரு சங்கடம், அவருடைய பெயர்ப்பலகை. அவசரக்காரர் அல்லவா, படிப்பில் சேர்ந்த மாதமே பலகையைப் புதிதாக எழுதச் சொல்லிவிட்டார். 'எம்.பி.பி.எஸ்.' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, அதற்கப்புறம் வரப்போகும் பட்டத்துக்காக ஒரு சாண் வெற்றிடம். மூன்று வருடத்துக்கும் மேலாக அந்த வெற்றிடம் வாசலில் தொங்குகிறது. "பெயிண்டு தீந்துபோச்சா டாக்டரய்யா?" என்று ஊரில் பாதிப் பேர் கேட்டாயிற்று.

இரண்டாவது முறை தோற்ற பிறகு வந்த முதல் சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் அவர் ஹசீனாவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"இருபத்துநாலு வருஷத்துல லட்சக்கணக்குல நோயாளி பாத்துட்டேன். என்கூடப் படிக்கிற சின்னப் பிள்ளைங்க எல்லாம் பாஸாயிட்டாங்க. அவங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே நான் வைத்தியம் பாத்தவன். எனக்கு என்ன மேடம் தெரியல?"



ஹசீனா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சார், உங்க பேனாவைக் கொஞ்சம் கொடுங்க."

நல்லபெருமாளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வார்டில் ஹசீனா டாக்டரிடம் யாரும் பேனா பார்த்ததில்லை. ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து முடித்ததும் வார்டின் அந்தக் கோடிக்கு நடந்து போய் நர்ஸிடம் பேனா இரவல் வாங்கித்தான் மருந்து எழுதுவார். எழுதியதும் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவ்வளவு பெரிய டாக்டருக்கு ஒரு பேனா வாங்க வக்கில்லையே என்று மாணவர்கள் பின்னால் சிரிப்பார்கள். நல்லபெருமாளும் சிரித்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து தங்க மூடி போட்ட மைப் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

ஹசீனா அதை வைத்து எதையும் எழுதவில்லை. மேசை இழுப்பறையை ஒரு விரற்கடை திறந்து, பேனாவை உள்ளே தள்ளி, மூடிவிட்டார்.

"மேடம், பேனா..."

"தேர்வு முடிஞ்சதும் தாரேன்."

"நாளன்னைக்கு ஓ.பி.ல நான் எதை வச்சு எழுத?"

"உங்க அறையில பேனாவே இருக்கக் கூடாது சார். மருந்து கொடுக்கிறவர்ட்ட இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் எந்திரிச்சுப் போயி, எழுதிட்டு வாங்க."

"ஒரு நாளைக்கு நூத்திருபது பேரும்மா!"

பதற்றத்தில் 'மேடம்' போய்ப் பழைய 'அம்மா' வந்துவிட்டது. ஹசீனா சிரித்தார்.

"தெரியும் சார். நானும் அங்கதானே இருந்தேன்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"மூணு மாசம் கழிச்சுத் திருப்பிக் கேளுங்க."

ஆலடிச்சுனையில் நல்லபெருமாளின் பேனாவுக்குத் தனி மரியாதை உண்டு. நோயாளி வாசற்படியைத் தாண்டும்போதே அது ஓடத் தொடங்கிவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஒரு மாத்திரை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் இன்னொன்று. வந்தவர் ஸ்டூலில் உட்கார்வதற்குள் சீட்டில் இரண்டு மருந்து இருக்கும். "நாம வாயத் தொறக்கணும்னே இல்ல, மூஞ்சியப் பாத்தே எழுதிருவாரு" என்று ஊரே பெருமைப்பட்டது. உண்மையைச் சொன்னால் அவரும்தான் பெருமைப்பட்டார்.

அந்தப் பேனா இல்லாத முதல் திங்கட்கிழமை நரகமாக இருந்தது. மருந்து கொடுக்கும் ஜெபஸ்டினின் ஜன்னல் அடுத்த அறையில் இருந்தது. போக இருபது எட்டு, வர இருபது எட்டு. வரிசை சைக்கிள் நிறுத்தும் இடம் வரை நீண்டது.

"டாக்டரய்யா, நடந்தே உங்களுக்குச் சுகர் கொறஞ்சிரும் போலயே" என்றார் ஜெபஸ்டின்.

நல்லபெருமாளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தக் கருவிக்கு அடியில் ஒரு பால்பாயின்ட் பேனாவை ஒளித்து வைத்தார். மத்தியானம் அவருக்கே வெட்கமாகப் போய், எடுத்துக்கொண்டு போய் ஜெபஸ்டினிடம் கொடுத்துவிட்டார்.

பேனா இல்லாத கைக்கு வேலை இல்லை. சீட்டைப் பார்க்கவும் அவசியம் இல்லை. வேறு வழியில்லாமல் அவர் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஜனங்கள் அரண்டுபோனார்கள்.

"என்ன டாக்டரய்யா அப்படிப் பாக்கீய? பெரிய வியாதியா?"

"இல்ல, இல்ல. நீங்க சொல்லுங்க."

"சொல்லிட்டேனே."

"இன்னும் சொல்லுங்க."

இன்னும் என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கையை நீட்டப் பழகியிருந்தார்கள்.

இரண்டாவது வாரம் சுடலைவடிவு வந்தாள். முப்பத்தெட்டு வயது, பீடி சுற்றுகிறவள். ஒன்பது வருடமாகப் பத்து நாளைக்கு ஒரு முறை வருவாள். 'சத்து மாத்திரை வடிவு' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் தலை தெரிந்தாலே ஜெபஸ்டின் மாத்திரையை எண்ண ஆரம்பித்துவிடுவார்.

"கையி காலு ஒளைச்சலு, ஒடம்பு ஓஞ்சு ஓஞ்சு வருது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வடிவு கையை நீட்டினாள்.

நல்லபெருமாள் அவளைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். முகம் ஊதி வெளுத்திருந்தது. புருவத்தில் பாதி முடி இல்லை. தோல் வறண்டு கிடந்தது. சித்திரை வெயிலில் தோளைச் சுற்றிக் கம்பளித் துண்டு போர்த்தியிருந்தாள்.

தைராய்டு! அவருக்குப் பளிச்சென்று பட்டது. இத்தனை நாள் எப்படி விட்டோம் என்ற பதைப்பில் எழுதிவிட்டு வரப் பாதி எழுந்துவிட்டார். பேனா அடுத்த அறையில் இருந்தது.

டாக்டர் எழுந்திருப்பதைப் பார்த்த வடிவு, தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு அவசரமாகச் சொன்னாள்.

"இது இன்னைக்கு நேத்து வந்ததில்லய்யா. சின்னவன் பொறந்ததுலேருந்தே இப்படித்தான்."

அவர் உட்கார்ந்தார்.

"சின்னவனுக்கு என்ன வயசு?"

"ஒம்போது முடியப் போவுது."

"அவன் பொறந்தப்ப என்னாச்சு?"

"ரத்தம் நிக்கவே இல்லய்யா. பொழைக்க மாட்டேன்னுட்டாவ. நாலு பாட்டில் ரத்தம் ஏத்துனாவ. பொழைச்சு வந்தா, புள்ளைக்கு ஒரு சொட்டு பாலு சொரக்கல. எருமப் பாலு குடிச்சுத்தான் வளந்தான்."

"அதுக்கப்புறம் மாசாமாசம் வாரது?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரவே இல்ல. அன்னையோட நின்னுபோச்சு."

நல்லபெருமாளுக்கு விளங்கிவிட்டது. இது வெறும் தைராய்டு இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பின் மற்ற சுரப்பிகளையெல்லாம் அதுதான் வேலை வாங்கும். பிரசவத்தில் போன ரத்தத்தில் அந்தச் சுரப்பி பட்டினி கிடந்து வாடிப்போயிருக்க வேண்டும். புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் நோய். பரீட்சைக்காக நாலு தடவை படித்திருந்தார். அது ஒன்பது வருடமாக அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது.

"ஏம்மா, இதை இத்தன வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலியே?"

"சொல்லணும்னுதான் வருவேன்யா" என்றாள் வடிவு. "அதுக்குள்ள நீங்க சீட்ட நீட்டிருவியளே."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலத்தான் சொன்னாள். நல்லபெருமாளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்துவது போலத் திரும்பிக்கொண்டார்.

அன்று மத்தியானமே ஜீப்பில் அவளைக் கூட்டிக்கொண்டு பயிற்சி மருத்துவமனைக்குப் போனார். ஹசீனா ரத்தம் எடுத்து அனுப்பினார், தலையைப் படம் எடுக்கச் சொன்னார். நல்லபெருமாள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. வார்டே அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஹசீனா மட்டும் பாராட்டவில்லை.

"சார், அவங்களைப் பாத்ததும் உங்களுக்கு முதல்ல என்ன தோணுச்சு?"

"தைராய்டுன்னு."

"பேனா கையில இருந்திருந்தா?"

"அப்பவே தைராய்டு மாத்திரை எழுதி..."

பாதியில் நிறுத்திவிட்டார். அந்தச் சுரப்பி வாடியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது ஸ்டீராய்டு மருந்து. அதைக் கொடுக்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் உடம்பு தாங்காமல் சரிந்துவிடும். சில நாளில் உயிரே போகலாம். இதுவும் அவர் படித்திருந்ததுதான்.

நல்லபெருமாள் பக்கத்திலிருந்த காலிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஹசீனா வார்டின் அந்தக் கோடிக்கு நடந்து போய், நர்ஸிடம் பேனா வாங்கி, முதலில் கொடுக்க வேண்டியதை முதலில் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து வடிவு ஆலடிச்சுனைக்கு வந்தாள். கம்பளித் துண்டு இல்லை. வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போன ஒருத்தியை உரக்க ஏசினாள். அந்தக் குரலைக் கேட்டு ஜெபஸ்டின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்.

"டாக்டரய்யா, இப்ப ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துதேன்! சின்னவன வெரட்டிப் புடிச்சு அடிக்கக்கூட முடியுது!"

அன்றைக்கு நல்லபெருமாளுக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தேர்வு நாள் வந்தது.

பத்துப் பேர் எழுதினார்கள். ஆளுக்கு ஒரு நோயாளி, முக்கால் மணி நேரம், வெள்ளைத் தாள், தேர்வு அறையில் கொடுத்த பேனா ஒன்று. நல்லபெருமாளுக்குக் கிடைத்த நோயாளி கொத்தனார் பிரம்மநாயகம், வயது நாற்பத்துநாலு. தேர்வுக்கு வருகிற நோயாளிகள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இவர் இதற்கு முன் ஐந்து தேர்வுக்கு வந்திருந்தார்.

"சார், நேரத்த வீணாக்காதீங்க" என்று பிரம்மநாயகம் அவர் காதருகே சொன்னார். "எனக்கு இருதய வால்வு சுருக்கம். நெஞ்சுல கொழாய வச்சாலே கேக்கும். போன தடவ எல்லாரும் அதத்தான் எழுதுனாங்க. எழுதுங்க, எழுதுங்க."

விடையே வாய் திறந்து பேசுகிறது. பழைய நல்லபெருமாளாக இருந்தால் இந்நேரம் முதல் பக்கம் முடிந்திருக்கும். 

அவர் பேனாவை எடுத்துப் பிரம்மநாயகத்திடம் கொடுத்தார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

"எதுக்கு சார்?"

"சும்மாதான். நீங்க சொல்லுங்க. வால்வு கிடக்கட்டும். உங்களுக்கு எப்படி இருக்கு?"

பிரம்மநாயகம் பேனாவைக் கையில் உருட்டிப் பார்த்தார். ஐந்து தேர்வில் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். சாரத்தில் ஏறினால் மூச்சு வாங்குவது, அதனால் மேஸ்திரி கீழே நிற்கச் சொல்லிவிட்டது, பையன் காலேஜில் சேர்ந்தது எல்லாம் வந்தது. பக்கத்துக் கட்டில் டாக்டர் நாலாவது பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.  இது கடைசி வாய்ப்பு என்பது நல்லபெருமாளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் குறுக்கே பேசவில்லை.

"...அப்புறம் ஒரு மூணு வாரமா பொழுது சாஞ்சா லேசா குளிரும், காச்சலும். அதை யாருட்டயும் சொல்லல சார். இருதய டாக்டருட்டப் போயி காச்சலுன்னா சிரிக்க மாட்டாரா?"

"அதுக்கு முன்னாடி எங்கயாவது வைத்தியம் பாத்தீங்களா?"

"ஒரு கடவாப்பல்லு புடுங்குனேன். அவ்வளவுதான்."

நல்லபெருமாள் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். மூன்று நகத்துக்கு அடியில், முள் குத்தி உள்ளே நின்றது போல, கறுத்த மெல்லிய கோடுகள் இருந்தன.

மணி அடித்தது. தாளில் ஒரு எழுத்துகூட இல்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தடித்த கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பேப்பர் எங்கே?"

"எழுதல சார்."

"நீங்க ரெண்டு தடவை தவறினவர்தானே?"

"ஆமா சார்."

"எழுதாம எதைப் பாத்துச் சொல்வீங்க?"

"அவர் சொன்னதைச் சொல்லுதேன் சார்."

சொன்னார். இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னார். சாரத்தில் தொடங்கி, நெஞ்சில் கேட்ட சத்தம் வழியாகப் பிடுங்கிய பல் வரைக்கும் வந்தார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"வால்வு சுருக்கம் பழசு சார். பல்லு புடுங்குன புண்ணு வழியா ரத்தத்துல போன கிருமி இப்ப அந்த வால்வுல உட்கார்ந்திருக்கு. இவர் இன்னைக்கு வீட்டுக்குப் போகக் கூடாது."

தேர்வாளர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"ஷீட்ல அப்படி எதுவும் இல்லையே?"

"ஷீட்ல இல்ல சார். நகத்துல இருக்கு."

தேர்வாளர் எழுந்தார். டார்ச்சைக் கொண்டுவரச் சொன்னார். பிரம்மநாயகத்தின் விரல்களை ரொம்ப நேரம் பார்த்தார். இன்னொரு தேர்வாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் நெஞ்சில் குழாயை வைத்து மாறி மாறிக் கேட்டார்கள். பிறகு அவர் நிமிர்ந்து, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல், நர்ஸைப் பார்த்துச் சொன்னார்.

"சிஸ்டர், இவரை இப்பவே வார்டுல சேருங்க. ரத்தக் கல்சர் எடுங்க."

சக்கர நாற்காலியில் ஏறப் போன பிரம்மநாயகம் திரும்பி வந்தார்.

"சார், உங்க பேனா."

மூன்றாம் நாள், சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது. பத்தாம் நாள் தேர்வு முடிவு வந்தது. பத்துப் பேரில் நல்லபெருமாள் முதலாவது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் சுகாதார நிலையத்து வாசலில் நின்று கையை மேலே தூக்கிக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்து, விஷயம் தெரிந்ததும் கை தட்டினார்கள்.

மறுநாள் அவர் ஹசீனாவின் அறைக்குப் போனார்.

"மேடம், பாஸ்!"

"தெரியும் சார். பெயிண்டர் வந்தாச்சா?"

"காலையிலயே ஏணி போட்டுட்டான்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நல்லபெருமாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு மாசம் கழிச்சுக் கேக்கச் சொன்னீங்க. இப்ப கேக்கேன். எனக்கு என்ன தெரியல?"

ஹசீனா இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்தார்.

உள்ளே இரண்டு பேனா இருந்தன. இரண்டும் தங்க மூடி போட்டவை. ஒன்று மட்டும் மூடி மங்கிப் பழசாகக் கிடந்தது.

"உங்களது எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க சார்."

நல்லபெருமாள் பழைய பேனாவைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்தது. பதினாறு வருடத்துக்கு முன் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினார். ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். இன்னொன்றை, ஆலடிச்சுனையை விட்டுக் கிளம்பிய பயிற்சி டாக்டருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது என்ன சொன்னார் என்பதும் ஞாபகம் வந்தது. 'பேனா நிக்காம ஓடணும்மா. அப்பத்தான் ஓ.பி. முடியும்.'

"இதை எப்ப மேடம் உள்ள வச்சீங்க?"

"வேலைக்கு வந்த முதல் வருஷம் சார். ஒரு அம்மாவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அவங்க கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஏதோ சொல்ல வந்தாங்க. நான் அடுத்த சீட்டை எடுத்துட்டேன்."

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஹசீனா சொல்லவில்லை. நல்லபெருமாள் கேட்கவில்லை.

அவர் தன் பேனாவை எடுக்கவில்லை. மங்கிய பேனாவுக்குப் பக்கத்தில் அதை நேராக வைத்து, இழுப்பறையைத் தானே மூடினார். பிறகு கேட்டார்.

"உங்க பேனாவை எப்ப மேடம் எடுப்பீங்க?"

"எடுக்கலாம்னுதான் சார் இருக்கேன்" என்றார் ஹசீனா. "இன்னும் யாரும் பேசி முடிக்கலியே."